கந்தசஷ்டியில் மான் வேட்டை

என் கணவருக்கு வேட்டைப் பைத்தியம் ஒரு போட்டோவால்தான் பிடித்தது. கனடாவுக்கு வந்து மிசிசாகாவில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அந்த மனிதர் எடுத்துக் காட்டிய படம் அது. காட்டுக்குள் தகப்பனும் இரண்டு மகன்களும் செம்மஞ்சள் மேற்சட்டையோடு குந்தியிருக்கிறார்கள். முன்னால் செத்த மான். தகப்பன் கொம்பைப் பிடித்து அதன் தலையைத் தூக்கி வைத்திருக்கிறார். மூன்று பேருக்கும் வாய் காதுவரை போயிருக்கிறது. இவர் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிவந்து எங்கள் பிறிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி தமிழ்க் குடும்பங்கள்தான். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் செத்த மானை ஒட்டி வைத்திருந்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பால் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் அந்தப் படத்தில் மானைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதில் சின்ன மகன் தகப்பனின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தான். அதைத்தான் பார்த்தார்.

அவர் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் மகனுக்கு மூன்று வயது. மகள் என் வயிற்றில். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், எங்களைக் கூப்பிட எட்டு வருசம் ஆயிற்று. குற்றம் சொல்லவில்லை. பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று மாடாய் உழைத்துத்தான் எங்களை எடுத்தார். விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற மனிதரைப் பார்த்து மகள், "ஹலோ அங்கிள்" என்றாள். கொழும்பில் நாங்கள் தங்கியிருந்த வீடுகளில் எல்லா ஆம்பிளைகளையும் அப்படித்தான் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் சிரித்தார். அவருக்கு எதற்கெடுத்தாலும் முதலில் வருவது சிரிப்புத்தான். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மகளை நான் நுள்ளிப் பழக்கி ஒரு கிழமைக்குள் அப்பா என்று கூப்பிட வைத்துவிட்டேன். மகன் கூப்பிடவில்லை. அங்கிள் என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. அவரிடம் ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நிற்பான். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பான். பார்த்ததும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். நான் சாப்பிடக் கூப்பிடச் சொன்னால், "சாப்பாடு போட்டாச்சு" என்று சுவருக்குச் சொல்லுகிறவன் போல நடுவீட்டில் நின்று சொல்லுவான். கெட்ட பிள்ளை இல்லை. பதினொரு வயதில் அவ்வளவு பணிவான பிள்ளையை நான் கண்டதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை.

அந்தச் சொல்லுக்காக மனுசன் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோடை முழுக்க ஒரு சனிக்கிழமை விடாமல் எங்களைக் காரில் ஏற்றினார். ஏரியில் மீன்பிடி, தோட்டத்தில் அப்பிள் பறிப்பு, நயாகரா, பூங்காவில் கோழி வாட்டுதல். மற்றக் குடும்பங்கள் பத்துப் பேர் சேர்ந்து கும்மாளமடித்துக்கொண்டு போகும் இடத்துக்கெல்லாம் நாங்கள் நாலு பேராகப் போய் நாலு திசை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருவோம். மகன் ரியூசனுக்கு வருகிறவன் போல வருவான். தூண்டிலைப் பிடி என்றால் பிடிப்பான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு அவருக்கு முன்னால் நின்று, "தாங்க் யூ" என்பான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மரியாதை. ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு இவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. வேட்டைக்குப் போனால் பெடியன் தன்னோடு ஒட்டிவிடுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி அட்டையும் எடுத்துவிட்டார். தானும் இளந்தாரி வயதில் வன்னிக் காட்டில் வேட்டையாடியவர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். அவருடைய மாமன்தான் வேட்டைக்காரன், இவர் டோர்ச் லைற் பிடித்தவர் என்பது எனக்குத் தெரியும். வந்தவர்களுக்கு முன்னால் மானத்தை வாங்கக் கூடாதென்று தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன்.

வெள்ளைக்காரர் குறித்துக் கொடுத்த சனிக்கிழமை கந்தசஷ்டியின் இரண்டாம் நாள். கலண்டரைக் காட்டினேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான், வீட்டுக்குள் முட்டைகூட வராது, அதற்குள்ளே கொலை செய்யப் போகிற குடும்பம் உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். மான் சீசன் முருகனைக் கேட்டு வருவதில்லை என்றார். அந்த இரண்டு கிழமை போனால் அடுத்த வருசம்தானாம்.

விரதத்தை விட எனக்கு இன்னொரு பயம் இருந்தது. அதையும் சொன்னேன். வெடிச்சத்தம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்றேன்.

ஊரில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. குண்டு போட வரும் பொம்பரின் இரைச்சல் கேட்டால், நேரம் இருந்தால் பங்கர்க் குழிக்குள் ஓடவேண்டும். இல்லையென்றால் நின்ற இடத்திலேயே குப்புற விழவேண்டும். காதுக்குள் விரல், வாய் திறந்தபடி. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் எழும்பக்கூடாது. ஐயர் கூப்பிட்டாலும் வாத்தியார் கூப்பிட்டாலும் எழும்பக்கூடாது. நான், "முடிஞ்சுது, எழும்புங்கோ" என்று சொன்னால் மட்டும்தான் எழும்பலாம். போய்விட்டது என்று நினைத்து எழும்புகிறவர்களைத்தான் அது வட்டமடித்து வந்து அடிக்கும். எங்கள் ஒழுங்கையில் அப்படி எழும்பின ஒரு தாயையும் பிள்ளையையும் நான் பாயில் சுற்றக் கைகொடுத்திருக்கிறேன். அதன் பிறகுதான் அந்தச் சட்டம் போட்டேன். என் பிள்ளைகள் ஒருநாளும் அதை மீறவில்லை. அதனால்தான் இருக்கிறார்கள்.

இதில் பாதியைத்தான் அன்றைக்கு அவருக்குச் சொன்னேன். அவர் பொம்பர் வரத் தொடங்குவதற்கு முன்னமே வெளிக்கிட்டவர். பேப்பரில் படித்ததோடு சரி. ஒரேயொரு வெடிதானே, இந்த நாட்டில் துவக்கு விளையாட்டுச் சாமான், அந்தப் பயம் தெளியத்தான் வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒருக்கா வாவன். நீ வந்தாத்தான் அவன் வருவான்" என்றார். அந்த ஒரு வசனம் என்னை விழுத்திவிட்டது. ஒரு மனுசன் தன் மகனைத் தனியே கூட்டிக்கொண்டு போக முடியாதென்று வாயால் சொல்லவேண்டி வந்தால், அதற்கு மேல் நான் என்ன சொல்லுவது? விரதம் முடிக்கிற பாறணைச் சாப்பாடு முடியும்வரை வீட்டுக்குள் இறைச்சி வரக்கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

விடியப் புறமே வெளிக்கிட்டோம். எனக்கு வாழைப்பழமும் பிளாஸ்கில் பாலும். பிள்ளைகளுக்கு இடியப்பப் பார்சல். அவர் புதுப் பிலிம் போட்ட கமெராவைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பிறிட்ஜில் இருந்த படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கப்போகிற படத்துக்காக. வடக்கே காட்டு வழியில் வெள்ளைக்காரர் காத்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு அவருடைய பிள்ளைகளின் பழைய செம்மஞ்சள் மேற்சட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். மகளுக்கு அது முழங்கால்வரை வந்தது.

உண்மையைச் சொன்னால், அந்தக் காலமை எனக்கும் நன்றாக இருந்தது. இலையெல்லாம் கொட்டி மரங்கள் வெறுமையாக நின்றன. நடக்க நடக்கக் காலுக்குக் கீழே சருகு நொறுங்கியது. வெள்ளைக்காரர் ஈர மண்ணில் மான் குளம்பின் அடையாளத்தைக் காட்டினார். மகன் குந்தியிருந்து அதைத் தொட்டுப் பார்த்தான். எந்தப் பக்கம் போயிருக்கிறது, எப்படித் தெரியும் என்று அவரை இங்கிலீசில் கேட்கத் தொடங்கினான். அவ்வளவு காலமும் அவன் வாயிலிருந்து நான் கேட்டறியாத கேள்விகள். என் கணவர் மெதுவாகப் போய் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். இவனும் விலகவில்லை. இரண்டு தலையும் கிட்டக் கிட்ட இருந்தன. நான் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முருகா, இண்டைக்கு ஒருக்கா அவன் கூப்பிடட்டும் என்று மன்றாடினேன். சாப்பிடாத வாயால் கேட்டால் கொடுப்பான் என்று நினைத்தேன்.

ஒரு மேட்டில் எங்களை நிற்பாட்டினார்கள். முன்னால் இவர், வெள்ளைக்காரர் கொடுத்த துவக்கோடு. அவருக்கு இடப்பக்கம் வெள்ளைக்காரர். பின்னால் விழுந்து கிடந்த ஒரு மரத்தோடு நானும் பிள்ளைகளும். கதைக்கக் கூடாது, இருமக் கூடாது. குளிரில் கால்விரல்கள் விறைத்து மரத்துப் போயின. வெகுநேரத்துக்குப் பிறகு கீழே பள்ளத்தில் ஒரு மான் வந்தது. தனி மான், கொம்பு இருந்தது. மகள் என் கையை இறுக்கினாள். மகனின் முகத்தைப் பார்த்தேன், கண் அப்படி விரிந்திருந்தது. இவர் துவக்கைத் தூக்கினார்.

அந்தச் சத்தத்தை நான் சொல்லத் தேவையில்லை. காடு முழுக்க அது உருண்டு போனது.

மான் நாலு பாய்ச்சல் பாய்ந்து விழுந்ததாம். நான் காணவில்லை. பிறகு கேள்விப்பட்டதுதான். சுட்ட கையோடு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். ஏன் திரும்பினார் என்று எனக்குத் தெரியும். மகனின் முகத்தைப் பார்க்கத் திரும்பினார். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தானே வகுப்பும் சோதனையும் அட்டையும் கமெராவும். திரும்பினவருக்கு எங்களைக் காணவில்லை. நின்ற இடத்தில் ஒருவரும் இல்லை. மூன்று பேரும் குப்புறக் கிடந்தோம்.

நானும்தான் கிடந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய நானே சருகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். விழுந்தது எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் மகள் இரண்டு காதுக்குள்ளும் விரலை வைத்து, வாயைத் திறந்தபடி கிடந்தாள். வாய்க்குள் மண். மகன் அவளுக்கு மேலே பாதி உடம்பைப் போட்டு மூடிக்கொண்டு கிடந்தான். அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது அவன் ஒருவன்தான், அவனாகவே பழகிக்கொண்டான்.

அப்போது அவர் சிரித்தார்.

வாய்விட்டுச் சிரித்தார். "எட, என்ன விளையாட்டு இது? எழும்புங்கோ, மான் விழுந்திட்டுது" என்றார். ஒருவரும் அசையவில்லை. வெள்ளைக்காரரைப் பார்த்து, இவர்கள் துவக்குச் சத்தம் கேளாத ஆட்கள் என்று இங்கிலீசில் சொல்லி இன்னும் சிரித்தார். கேளாத ஆட்களாம். அந்த வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், தன் துவக்கிலிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டார், துவக்கை மரத்தில் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

இவர் வந்து மகனின் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கினார். அவன் கட்டை போல வந்து கட்டை போலத் திரும்ப விழுந்தான். சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது. "நான் சொல்லுறன், எழும்பு" என்றார். மூன்று தரம் சொன்னார். அவன் எழும்பவில்லை. அவன் அடம்பிடிக்கவில்லை. அவன் என் சொல்லுக்குக் காத்துக்கொண்டிருந்தான். வேறு யாருடைய சொல்லுக்கும் எழும்பக்கூடாது என்பது சட்டம். அந்த வேறு யார் என்பதற்குள் தகப்பனும் அடக்கம் என்று அன்றைக்குத்தான் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

 விரதத்தில் காய்ந்த தொண்டை. ஒருமாதிரி எச்சிலைக் கூட்டி, "முடிஞ்சுது, எழும்புங்கோ" என்றேன். உடனே இரண்டு பேரும் எழும்பினார்கள். மகன் தங்கையின் வாயிலிருந்த மண்ணைத் தன் கையால் துடைத்துவிட்டான். பிறகு தன் முழங்காலைத் தட்டிக்கொண்டான். கமெரா அவர் கழுத்திலேயே தொங்கியது. படம் எடுப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் காருக்குள் மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அம்மா, அந்த மான் ஏன் படுக்கேல்லை?" என்று கேட்டாள். அவள் எட்டு வயதுப் பிள்ளை. சத்தம் கேட்டால் படுத்தால் தப்பலாம் என்பது அவளுக்குத் தெரிந்த கணக்கு. 

அதைக் கேட்டாவது இவர் சும்மா இருந்திருக்கலாம். பெருஞ்சாலைக்கு ஏறினதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பிள்ளையளைக் கோழையளா வளர்த்து வைச்சிருக்கிறாய்" என்றார்.

"உயிரோடை வளர்த்து வைச்சிருக்கிறன்" என்றேன்.

 அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அங்கே எங்களோடு இல்லாமல் இருந்ததற்காக இல்லை. ஏன் இல்லாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியும், நானும் சேர்ந்துதான் அனுப்பிவைத்தேன். தெரியாத ஒன்றைக் கண்டதும் கேட்காமல் சிரித்தாரே, அதற்காக. ஏனப்பா இப்பிடிக் கிடக்கிறியள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அந்தச் சருகுக்குள்ளேயே இருந்து சொல்லியிருப்பேன்.

சூரன்போருக்குக் கோயிலுக்குப் போனோம். பாறணைக்கு நாலு மரக்கறி சமைத்தேன். அடுத்த கிழமை அந்த வெள்ளைக்காரர் மான் இறைச்சியில் எங்கள் பங்கைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி இவரிடம் கொடுத்துவிட்டார். சத்தியம் முடிந்துவிட்டதால் நானும் மறுக்கவில்லை. தூள் வறுத்து, பெருஞ்சீரகம் போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன். புட்டும் அவித்தேன். மகள் கறிச்சட்டியைக் கண்டதும் அறைக்குள் போய்விட்டாள். மகன் சீனி போட்டுப் புட்டைத் தின்றுவிட்டு எழும்பினான். தேசிக்காய்ப் புளி விட்டிருக்கலாம் என்று குறை சொல்லிக்கொண்டு இவர் தனியே இருந்து சாப்பிட்டார். பிறிட்ஜில் அந்தப் படம் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற அவருக்கும் மனமில்லை, எனக்கும் வாயில்லை.

நான் பானை கழுவிக்கொண்டு நின்றேன். மகன் அறையிலிருந்து திரும்ப வந்தான். வழக்கம்போல மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஆனால் அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கவில்லை.

"அப்பா" என்றான்.

 திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் எங்கள் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை. வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டு, "என்ன ராசா?" என்றார்.

"பொம்பர் வரேக்கை நீங்கள் எங்கை படுக்கிறனீங்கள்?"

அவன் குத்திக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குத்தத் தெரியாது. ஒரு கிழமைக்கு மேலாக யோசித்திருக்கிறான். தன்னைப் போல, தங்கையைப் போல, என்னைப் போல இவரும் எங்கேயோ ஒரு இடத்தில் படுத்துத்தான் தப்பியிருப்பார், அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறான். எங்களோடு அவரைச் சேர்த்துக்கொள்ள அவன் தேடிப் பிடித்த வழி அது.

இவர் என்னைப் பார்த்தார்.  நான் திரும்பப் பானையைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"நான் இஞ்சை இருந்தனான்" என்றார்.

"முழுக்கவோ?"

"ஓம்."

மகன் தலையாட்டினான்.  பிறகு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மரியாதையோடு, "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனான். இவர் புட்டைக் கறியோடு பிசைந்தார், வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். நான்தான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தேன்.